குப்பைமேட்டு மெதேன்: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விதி எங்கே இறுக வேண்டும்?

கிழக்குப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "மெதேன் வாயுவைக் குறைக்கச் சூழல் சட்டங்களை வலுவாக்க வேண்டும் என்று எங்கும் சொல்கிறார்கள். எங்கள் மாவட்டங்களில் எண்ணெய்க் கிணறும் இல்லை, நிலக்கரிச் சுரங்கமும் இல்லை. அப்படியானால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதற்கு என்ன வேலை? குப்பைப் பிரச்சினைக்கும் மெதேனுக்கும் உண்மையாகவே தொடர்பு உண்டா?"

உண்டு, அதுவும் நேரடியான தொடர்பு. என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குப்பை பற்றிய சட்டங்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. உக்கும் கழிவைக் குழியிலும் மேட்டிலும் கொட்டக் கூடாது என்ற ஒரு விதிதான் இல்லை. அந்த விதியும், அதை நாள்தோறும் நடத்திச் செல்வதற்கான பணமும் வந்துவிட்டால், குப்பையிலிருந்து எழும் மெதேன் சில ஆண்டுகளிலேயே பெருமளவு குறைந்துவிடும். அவை வராமல் கட்டடங்களும் இயந்திரங்களும் மட்டும் வந்தால் மெதேன் குறையாது, கூடவும் கூடும். ஏன் கூடும் என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

மெதேன் காற்றில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே நிற்கிறது. காபனீரொட்சைட்டோடு ஒப்பிட்டால் அது மிகக் குறுகிய காலம். ஆனால் நிற்கும் காலத்தில் அது செய்யும் வேலை பெரிது. 20 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மெதேன் ஏறத்தாழ 80 கிலோ காபனீரொட்சைட்டு பிடிக்கும் வெப்பத்தைப் பிடிக்கிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தாலும் 27 மடங்குக்குக் குறையாது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் நூறு கோடிப் பங்கில் 700 சொச்சம் பங்காக இருந்த இந்த வாயு இன்று 1,900 பங்கைத் தாண்டிவிட்டது. உலகில் மனிதச் செயல்களால் வெளியேறும் மெதேனில் ஏறத்தாழ 40 வீதம் வேளாண்மையிலிருந்தும் கால்நடைகளிலிருந்தும் வருகிறது. 35 வீதம் எண்ணெய், எரிவாயு, நிலக்கரியிலிருந்து. 20 வீதம் குப்பையிலிருந்தும் கழிவு நீரிலிருந்தும். ஆகவே எண்ணெய்க் கிணறு இல்லாத மாவட்டத்திலும் வயலும் மாட்டுப்பட்டியும் குப்பைமேடும் இருந்தால் மெதேன் இருக்கத்தான் செய்யும். நம் இரு மாவட்டங்களிலும் இந்த மூன்றும் தாராளமாக இருக்கின்றன.

2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலக மெதேன் உறுதிமொழி தொடங்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030 க்குள் குறைந்தது 30 வீதத்தைக் குறைப்பது அதன் இலக்கு. இலங்கையும் 2021 ஜூலையில் சமர்ப்பித்த தேசியப் பங்களிப்புத் திட்டத்தில், 2030 க்குள் பச்சைவீட்டு வாயுக்களை, வழமைபோல் விட்டால் எழக்கூடிய அளவிலிருந்து 14.5 வீதத்தால் குறைப்பதாகச் சொன்னது. அதில் 4 வீதம் நம் சொந்த முயற்சி, 10.5 வீதம் வெளிநாட்டு உதவி கிடைத்தால் செய்யப்படுவது. கழிவுத் துறையும் அந்தத் திட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. கொழும்பில் எழுதப்பட்ட இந்த எண்கள் செங்கலடியிலும் கல்முனையிலும் ஒரு ட்ரக்டர் எங்கே போய்க் குப்பையைக் கொட்டுகிறது என்பதில்தான் நிறைவேறும், அல்லது நிறைவேறாமல் போகும்.

ஒரு குப்பைமேட்டைப் பெக்கோ இயந்திரம் வெட்டித் திறந்தபோது அருகில் நின்று பார்த்திருக்கிறேன். மேலே ஒரு முழ ஆழம் வரை காய்ந்த மண், சாம்பல், வெளுத்துப்போன ஷொப்பிங் பைகள். அதற்குக் கீழே எல்லாம் கறுப்பு. பொலித்தீன் பைக்குள் கட்டியபடியே கிடந்த சோறும் கறியும் கூழாகியிருந்தன. வாழைத் தண்டு ஒன்று நிறம் மாறியும் உரு மாறாமல் இருந்தது. வெட்டிய இடத்தில் ஊறிய கறுத்த நீரில் சின்னச் சின்னக் குமிழிகள் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தன. சூடு முகத்தில் அடித்தது. அந்தக் குமிழிகளில் பாதியளவு மெதேன். மீதி பெரும்பாலும் காபனீரொட்சைட்டு.

வாயை இறுக்கிக் கட்டிய பானைக்குள் கிடப்பதைப் போலத்தான் மேட்டின் அடியில் குப்பை கிடக்கிறது. ஒட்சிசன் உள்ளே போகாது. காற்று இருந்தால் உக்கல் காபனீரொட்சைட்டாக முடியும். காற்று இல்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையைக் கையிலெடுக்கின்றன, மெதேன் பிறக்கிறது. மேடு ஆழமாக ஆழமாக, இறுக்கமாக இறுக்கமாக, ஈரம் கூடக் கூட மெதேனும் கூடும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் வழிகாட்டியில் உள்ள இயல்பு எண்களை, அதாவது உள்ளூர் அளவீடு இல்லாதபோது பயன்படுத்தும் பொது எண்களை வைத்துப் பெருக்கினால், நன்றாகக் கட்டி, இறுக்கி, மூடப்பட்ட நிலநிரப்பு நிலையத்தில் ஒரு தொன் உணவுக் கழிவு தன் வாழ்நாளில் ஏறத்தாழ 50 கிலோ மெதேனைத் தரும். ஐந்து மீற்றருக்கு மேல் உயர்ந்த, ஒழுங்கில்லாத குப்பைமேட்டில் 40 கிலோ. ஐந்து மீற்றருக்குக் குறைந்த, பரவலான மேட்டில் 20 கிலோ. அதே ஒரு தொன்னைக் காற்றோட்டமாக உக்கவிட்டுக் கூட்டெருவாக்கினால் 4 கிலோ.

இந்த நான்கு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கொள்கை வகுப்பவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இதுதான். ஊருக்குள் நாறிக்கொண்டிருந்த தாழ்வான மேட்டை மூடிவிட்டு, தூரத்தில் நவீன நிலநிரப்பு நிலையம் ஒன்றைக் கட்டி, பழைய கலப்புக் குப்பையையே அங்கே கொண்டுபோய் இறுக்கிப் புதைத்தால், நிலத்தடி நீருக்கு நன்மை, அயலவர் மூக்குக்கு நன்மை. வளிமண்டலத்துக்கு மட்டும் முன்னிலும் இரு மடங்குக்கு மேல் தீமை. வாயுவைக் குழாய் வைத்துப் பிடித்து எரிக்கலாமே என்பீர்கள். பெரிய நகரங்களின் பெரிய நிலையங்களில் அது ஓரளவு நடக்கிறது. ஆனால் உணவுக் கழிவு மிக வேகமாக உக்குவது. ஈரமான வெப்பவலயத்தில் ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் அதில் பாதி உக்கி முடிந்துவிடும். குழாய் பதித்து, மேல் மூடி போடுவதற்குள் வாயு போய்விடுகிறது. அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டு நிலநிரப்பு நிலையங்களிலேயே உணவுக் கழிவு தரும் மெதேனில் 61 வீதம் பிடிபடாமல் தப்பிவிடுகிறது. அவ்வளவு வசதியுள்ள நாட்டின் நிலை அது என்றால், ஒரு பிரதேச சபை குழாய் பதித்து வாயு பிடிக்கும் என்று நம்பித் திட்டம் போடுவது சரியல்ல.

இதே வேகமான உக்கலில்தான் நமக்கான நம்பிக்கையும் இருக்கிறது. இன்று சோற்றையும் மீன் கழிவையும் மரக்கறித் தோலையும் மேட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினால், அந்தக் கழிவின் மெதேன் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகும். நான்கு ஆண்டுகளில் கால்வாசியாகும். காலநிலை தொடர்பாக ஓர் உள்ளூராட்சி மன்றம் தன் நான்காண்டுப் பதவிக்காலத்துக்குள்ளேயே விளைவைக் காட்டக்கூடிய வேலைகள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

இங்கே நடந்தவற்றுக்கு வருகிறேன். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதன் பின்புதான் நாட்டில் குப்பை பற்றிய பேச்சு சூடு பிடித்தது. மட்டக்களப்பில் திருப்பெருந்துறைக் குப்பைமேட்டில் தீப்பிடித்துப் புகை ஊரை மூடியதும், மக்கள் வீதியில் இறங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டை உலகம் முழுவதும் அறிந்தது வேறொரு துயரத்தால். சுற்றியுள்ள ஊர்களின் குப்பை கொட்டப்படும் அந்த இடத்துக்கு யானைகள் உணவு தேடி வருகின்றன. சோறும் பழத்தோலும் கட்டியிருந்த பொலித்தீனையும் சேர்த்தே விழுங்குகின்றன. 2022 ஜனவரியில் செய்தி நிறுவனங்கள் எழுதியபடி, அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே அவ்வாறு இறந்துபோயின. வேலி போடுவதா, அகழி வெட்டுவதா என்று அப்போது நிறையப் பேசினார்கள். யானையை அங்கே அழைப்பது உணவு வாசனை. மெதேனைத் தருவதும் அதே உணவு. அதை அங்கே அனுப்பாமல் விட்டால் இரண்டு பிரச்சினைகளும் ஒன்றாகவே குறையும்.

சட்டங்களைப் பார்ப்போம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது; அதன் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபை இருக்கிறது. குப்பையைச் சேகரிப்பதும் அகற்றுவதும் மாநகர, நகர, பிரதேச சபைகளின் கடமை என்று அந்தந்தச் சபைகளின் சட்டங்கள் சொல்கின்றன. பிரதேச சபைகளுக்கு அது 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம். 2017 செப்டெம்பர் 1 ஆம் திகதி வர்த்தமானிகளால் 20 மைக்ரோன் அல்லது அதற்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீன், லஞ்ச்ஷீட், ரெஜிபோம் உணவுப் பெட்டிகள் தடைசெய்யப்பட்டன. குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதும் தடையானது. 2021 இல் சிறு சாஷே பைக்கற்றுகள் சிலவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. இவற்றையெல்லாம் நான் வரவேற்கிறேன். ஆனால் கவனித்துப் பாருங்கள்: தடைகள் எல்லாம் பிளாஸ்டிக்கைச் சுற்றியே நிற்கின்றன. நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் இருப்பது உக்கும் கழிவு. அதை எங்கே கொட்டக் கூடாது என்பதில் கட்டாயம் இல்லை, காலக்கெடு இல்லை, கேட்பாரும் இல்லை. தரம் பிரித்துப் போடுங்கள் என்ற வேண்டுகோள் மட்டும் இருக்கிறது.

வேண்டுகோளுக்கு மதிப்பு வேண்டுமானால் கேட்பவரும் தன் பங்கைச் செய்ய வேண்டும். ஒரு தெருவில் நான் பார்த்த காட்சி இது. வயதான அம்மா ஒருவர் உக்கும் குப்பையைப் பச்சை வாளியிலும் மற்றதை உரப் பையிலும் தனித்தனியாக வைத்திருந்தார். ட்ரக்டர் வந்தது. தொழிலாளி இரண்டையும் ஒரே பெட்டிக்குள் கொட்டினார். "ஏன் தம்பி, பிரிச்சுத் தரச் சொன்னது நீங்கதானே?" என்று அம்மா கேட்டார். "எங்களுக்கு ஒரு பெட்டிதான் அம்மா தந்திருக்காங்க" என்றார் அவர். அந்தத் தொழிலாளிமீது எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. கையுறைகூட ஒழுங்காகக் கிடைக்காமல் வேலை செய்பவர் அவர். பிரித்துக் கேட்டுவிட்டுக் கலந்து ஏற்றும் சபை தன் மக்களுக்குப் பிரிக்க வேண்டாம் என்று கற்றுக்கொடுக்கிறது. ஒரு முறை அப்படிக் கற்றுக்கொண்ட தெருவைத் திருப்பி எடுப்பது மிகக் கடினம்.

ஆகவே வலுவான விதி வீட்டுக்காரருக்குத் தண்டம் விதிப்பதில் தொடங்கக் கூடாது. முதலில் சபையைக் கட்டுப்படுத்த வேண்டும்: இன்ன திகதியிலிருந்து பிரித்த குப்பையைக் கலந்து ஏற்றக் கூடாது, உக்கும் கழிவுக்குத் தனி நாள் அல்லது தனி வண்டி, கொட்டும் இடத்துக்குள் நுழையும் ஒவ்வொரு வண்டியின் நிறையும் வகையும் பதிவாக வேண்டும். அடுத்ததாகப் பெரிய அளவில் கழிவு தருபவர்கள். பாசிக்குடாவின் சுற்றுலா விடுதிகள், கல்யாண மண்டபங்கள், வைத்தியசாலைச் சமையலறைகள், பல்கலைக்கழக விடுதிகள், கல்முனை, மட்டக்களப்பு, ஏறாவூர்ச் சந்தைகள், மீன் இறங்கும் துறைகள். இவர்கள் எண்ணிக்கையில் குறைவு, தரும் கழிவு அதிகம், கழிவும் பெரும்பாலும் ஒரே வகை. பெரிய விடுதிகளுக்கும் ஆலைகளுக்கும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் ஏற்கெனவே கட்டாயம். கடைகளுக்கு வியாபார அனுமதிப்பத்திரம் சபையே தருகிறது. உக்கும் கழிவைத் தாமே கூட்டெருவாக்க வேண்டும், அல்லது மூடிய கலனில் உக்கவைத்து உயிர்வாயுவாக்க (அடுப்பெரிக்கும் பயோகேஸ்) வேண்டும், அல்லது அந்த வேலை செய்யும் இடத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையை அந்தப் பத்திரங்களிலேயே சேர்க்கலாம். புதுச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை.

தென்கொரியா இந்த வழியில்தான் போனது. 1995 இல் குப்பையின் அளவுக்கேற்பக் கட்டணம். 2005 இல் உணவுக் கழிவை நேரடியாக நிலநிரப்பு நிலையத்தில் கொட்டத் தடை. 2013 இல் உணவுக் கழிவுக்கும் நிறைக்கேற்பக் கட்டணம். இன்று அங்கே உணவுக் கழிவில் மிகப் பெரும்பகுதி தீவனமாகவும் உரமாகவும் வாயுவாகவும் மாறுகிறது. கொரியாவின் பணம் நம்மிடம் இல்லை என்பது உண்மை. அதனால்தான் கேரளத்தின் ஆலப்புழையை நான் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வேன். நீரும் தென்னையும் மீனும் நெருக்கமான வீடுகளும் உள்ள ஊர், நம் கரையோரத்தைப் போன்றது. குப்பை கொட்டிவந்த கிராமத்தின் மக்கள் வண்டிகளை மறித்த பிறகு, 2012 அளவில் அந்த நகரம் வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வீடு குழாய்க் கூட்டெரு, சிறு உயிர்வாயுக் கலன், வட்டாரத்துக்கு ஒரு காற்றோட்டக் கூட்டெருத் தொட்டி என்று பரவலாக்கியது. 2017 இல் ஐக்கிய நாடுகளின் சூழல் அமைப்பு அதை முன்மாதிரி நகரங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. நம் நாட்டுக்குள்ளேயே பலாங்கொடை நகர சபையின் கூட்டெரு நிலையம் நெடுங்காலமாகப் பேர் பெற்றது.

எல்லா ஊருக்கும் ஒரே திட்டம் பொருந்தாது. காத்தான்குடியில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் கை நுழைய இடமில்லை. அங்கே தொட்டி வைக்கச் சொல்வது வீண், தினமும் எடுக்கும் வண்டிதான் வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களில் நிலைமை நேர் எதிர். வளவு பெரிது, மாமரமும் வாழையும் நிற்கின்றன, மாடும் கோழியும் உண்டு. அங்கே உக்கும் கழிவைச் சேகரிக்க வண்டி அனுப்புவதே பண விரயம். காய்ந்த சருகோடு மாறி மாறி அடுக்கி, வாரம் ஒரு முறை கிளறிவிடக் கற்றுக்கொடுத்தால் போதும். மட்டக்களப்பு நகரமும் கல்லடியும் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன.

கூட்டெரு செய்தால் யார் வாங்குவார் என்ற கேள்வி நியாயமானது. சுற்றிலும் நெல் வயல், ஆனாலும் பல நிலையங்களில் கூட்டெரு மூட்டைகள் தேங்கிக் கிடப்பதைக் காணலாம். காரணம் தரம். கலந்த குப்பையிலிருந்து சலித்தெடுக்கும் எருவில் கண்ணாடித் துண்டும் சவரப் பிளேட்டும் கிடக்கும். வெறுங்காலோடு வயலில் இறங்குபவர் அதை ஒரு முறைக்கு மேல் வாங்க மாட்டார். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியபோது ஏற்பட்ட காயம் இன்னொன்று. அந்த ஆண்டு மே மாதத்தில் வந்த தடை நவம்பரில் நீக்கப்படுவதற்குள் பெரும்போக விதைப்புக் குழம்பிப்போனது. சேதனப் பசளை என்ற சொல்லைக் கேட்டாலே விவசாயி முகத்தைத் திருப்பும் நிலை வந்தது. நல்ல நோக்கத்தோடும் அவசரமாகவும் தயாரிப்பில்லாமலும் கொண்டுவரப்படும் கடுமையான கொள்கை எவ்வளவு கேட்டைச் செய்யும் என்பதற்கு நம் கண் முன்னே நடந்த சான்று அது. எனவே நான் கேட்கும் விதிக்கும் கால அவகாசம் வேண்டும்: பெரிய அளவில் கழிவு தருபவர்களுக்கு ஓராண்டு, வீடுகளுக்கு மூன்றாண்டு என்பது என் கணிப்பு. அதற்குள் வண்டி, தொட்டி, தரப் பரிசோதனை எல்லாம் ஆயத்தமாக வேண்டும்.

உயிர்வாயுவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கிலோ சமையலறைக் கழிவு ஏறத்தாழ ஒரு கன மீற்றரின் பத்தில் ஒரு பங்கு வாயுவைத் தரும். ஒரு கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடாக இரண்டு கன மீற்றருக்குச் சற்று மேல் வேண்டும். வீட்டுக்கு அது காணாது. வைத்தியசாலைக்கும் விடுதிக்கும் காணும். 2022 இல் சிலிண்டருக்காக இரவிரவாக வரிசையில் நின்றவர்களுக்கு இதன் பெறுமதியை நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் அந்த வாயுவில் 60 வீதம் அளவுக்கு மெதேன் என்பதால், கலன் கசிந்தால் நாமே மெதேனைத் தயாரித்து வெளியே விட்டதாகிவிடும். பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில் கலன் வைக்கவே கூடாது. அங்கே கூட்டெருதான் சரி.

இனிப் பணம். வெளிநாட்டு நிதியில் நிலையம் கட்டித் திறப்பு விழா நடக்கிறது. ஐந்தாண்டு போனபின் இயந்திரத்தின் பெல்ட் அறுந்து கிடக்கிறது, வாங்கப் பணம் இல்லை. கட்டுவதற்குத் தருபவர்கள் நடத்துவதற்குத் தருவதில்லை. பல சிறிய பிரதேச சபைகளுக்கு ஒரு வண்டியை ஓட்டுவதே பெரும் சுமை. மாவட்டத்தின் சபைகள் சேர்ந்து ஒரே நிலையத்தை, பங்குக் கட்டணத்தோடு நடத்த ஒரு சட்டபூர்வ அமைப்பு தேவை. மேல் மாகாணத்தில் கழிவு முகாமைத்துவத்துக்கென்றே மாகாண அதிகார சபை இருக்கிறது. வடமேல் மாகாணம் 1990 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க நியதிச் சட்டத்தின் (மாகாண சபை இயற்றும் சட்டம்) மூலம் தனக்கெனச் சுற்றாடல் அதிகார சபையையே அமைத்துக்கொண்டது. கிழக்கு மாகாண சபைக்கும் அந்த அதிகாரம் உண்டு. அதன் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை. உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலேயே இருந்தன. மாகாணத்துக்கென்று ஒரு நியதிச் சட்டம் எழுதப்படாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிழக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நம் ஊர்கள் தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்களாக அடுத்தடுத்து இருக்கின்றன. கொட்டும் இடம் எப்போதும் ஏதோ ஓர் எல்லையில் அமைகிறது. அயலவர்கள் பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள்; 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 98 ஆம் பிரிவில் அதற்கு இடம் தருகிறது. அவர்கள் போவது முற்றிலும் நியாயம். ஆனால் உத்தரவு வந்ததும் குப்பை அடுத்த ஊரின் எல்லைக்குப் போகிறது, குப்பைத் தகராறு இனத் தகராறாக மாறுகிறது. நாற்றம் தருவதும், ஈயையும் நாயையும் யானையையும் இழுப்பதும் உக்கும் கழிவே. அது வராத இடத்தை அயலவர் எதிர்ப்பதற்குக் காரணங்கள் வெகுவாகக் குறையும். எனக்கு இந்த விதியின்மேல் உள்ள பற்றுக்கு மெதேனைப் போலவே இதுவும் காரணம்.

குப்பையோடு நிறுத்தினால் பதில் அரைகுறையாகிவிடும். நம் மாவட்டங்களின் வயற்பரப்பைப் பார்த்தால், குப்பையை விட வேளாண்மையிலிருந்தே அதிக மெதேன் எழும் என்பது என் மதிப்பீடு. நீர் நிற்கும் வயலின் சேற்றிலும் காற்று இல்லை. குப்பைமேட்டின் அடியில் நடப்பதே அங்கும் நடக்கிறது. இதற்கு மாற்று, மாறி மாறி நனைத்துக் காயவிடும் முறை. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான பிவிசி குழாயின் கீழ்ப் பாதியில் துளைகள் இட்டு, வரம்போரமாக வரவைக்குள் புதைக்க வேண்டும். குழாய்க்குள் நீர் மட்டம் மண்ணின் மேற்பரப்பிலிருந்து 15 சென்ரிமீற்றர் கீழே இறங்கிய பிறகே மறுபடி வக்கடையை (வரம்பில் நீர் விடும் வாய்) திறப்பது. பூக்கும் காலத்தில் நீர் நிற்க வேண்டும். முறையாகச் செய்தால் மெதேன் 30 முதல் 50 வீதம் வரை குறைகிறது, விளைச்சல் குறைவதில்லை, நீரும் மிஞ்சுகிறது. பெரும்போகத்தில் அடைமழை நம் சொல் கேட்காது. ஆனால் சேனாநாயக்க சமுத்திரத்தையும் உன்னிச்சையையும் நவகிரியையும் நம்பிச் செய்யும் சிறுபோகத்துக்கு இது மிகப் பொருத்தம். தனி ஒருவர் செய்ய முடியாது. வாய்க்காலில் நீர் எப்போது வரும் என்ற உறுதி இல்லாமல் எந்த விவசாயியும் வயலைக் காயவிடமாட்டார். நீர் முறையைத் தீர்மானிப்பது பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம். அங்கே நீர்ப்பாசனப் பொறியியலாளரும் வாய்க்கால் நீரைப் பங்கிடும் வட்டவிதானைகளும் விவசாய அமைப்புகளும் உட்காருகிறார்கள். ஒரு வயற்கண்டத்தில் ஒரு சிறுபோகத்துக்கு முறைப் பாசனத் திகதிகளை இதற்கேற்ப எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். சூழல் கொள்கை என்பதற்கு இங்கே பொருள் அந்தத் திகதிப் பட்டியல்தான்.

மாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல தீவனம் கிடைக்கும் மாடு கூடப் பால் தரும். ஒரு லீற்றர் பாலுக்கு வெளியேறும் மெதேன் குறையும். மேய்ச்சல் தரை பறிபோனால் எதிர்மாறாக நடக்கும். மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய மேய்ச்சல் தரைப் போராட்டம் அவர்களின் வாழ்வுரிமைக்கானது. மேய்ச்சல் தரையை வர்த்தமானியில் உறுதிப்படுத்துவது காலநிலைக்கும் நல்லது.

நீங்கள் மாணவி என்பதால், இப்போதே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். நாளொன்றுக்கு எத்தனை தொன் குப்பை சேர்கிறது, அதில் பிரித்து வந்தது எவ்வளவு, கூட்டெருவானது எவ்வளவு, விற்றது எவ்வளவு, மேட்டுக்குப் போனது எவ்வளவு, சென்ற ஆண்டு கழிவு முகாமைத்துவத்துக்குச் செலவானது எவ்வளவு, அதில் வாகன எரிபொருளுக்கும் பராமரிப்புக்கும் எவ்வளவு என்று கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும். நிறை பதிவே இல்லை என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சபையின் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தராசுக்கும் இரண்டாவது பெட்டிக்கும் பணம் ஒதுக்கக் கேட்பதற்கு அந்தக் கடிதமே போதும்.